கழுத்துப் பொத்தான்

குழந்தைவேலு, இறந்துகிடந்த தன் அண்ணனின் சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது, அதுவரை அழுதுகொண்டிருந்த நீலாவதி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டையைத் தொடாதீங்க தம்பி. அவரை நான் குளிப்பாட்டறேன்."

அந்தமானில், மின்னி பே வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டுப் பரமசிவத்தைக் கிடத்தியிருந்தார்கள். குடங்களில் தண்ணீரும் வந்துவிட்டது. வேலியோரம் ஒரே கூட்டம். ஆம்பளை உடம்பை ஆம்பளைதான் குளிப்பாட்டணும், இதென்ன புதுப் பழக்கம் என்று குழந்தைவேலு முணுமுணுத்தான். அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தச் சட்டைக்குள் இருப்பதை ஊர் பார்க்கக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூத்திரம் அடைத்துப் பரமசிவம் துடித்தபோது, இங்கே பார்த்த டாக்டர் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று என்றார். முற்றிவிட்டது, வீட்டில் வைத்து வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று கையை விரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒரு டாக்டர் சொல்லிவிட்டாரே என்று புருஷனை விட்டுவிட நீலாவதிக்கு மனசு வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தீவைத் தாண்டாதவள், அவரைக் கப்பலில் ஏற்றி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பெரிய டாக்டரும் அதே நோயைத்தான் சொன்னார். கூடவே ஒரு வழியும் சொன்னார். விதைகளை எடுத்துவிட வேண்டும், பெண்ணுடம்பில் ஊறும் சத்தை மாத்திரையாகத் தின்ன வேண்டும். மார்பு வளரும், ஆனால் நோய் சில வருஷம் அடங்கிக் கிடக்கும். பரமசிவம் வராந்தாவுக்கு வந்து, ஒன்றையும் ஒளிக்காமல் அவளிடம் சொன்னார்.

"ரெண்டு டாக்டர் சொல்லியாச்சு. மூணாவதா நீ சொல்லு நீலா."

"எனக்கு நீங்க வீட்டுக்கு வரணும். வேற எதுவும் வேணாம்."

அவர் சிரித்தார். பிறகு தோள்துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எதிர்க்கரை பாம்பூ பிளாட்டுக்கு ஆள் ஏற்றும் படகை ஓட்டும் செராங் அவர். வெறும் மார்போடு சுக்கான் பிடித்தே கறுத்தவர், திரும்பி வந்தபின் எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். மெயின்லேண்ட் போய்வந்து செராங் சாப் துரையாகிவிட்டார் என்று அபர்டீன் பஜாரில் கேலி செய்தார்கள். ஆமாம், சல்யூட் அடி என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது மட்டும் விளக்கைத் தணிக்கச் சொல்வார். ஒரே மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு சட்டையோடேயே கடலில் இறங்கி விளையாடினார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அவரைப் போல் ஓர் ஆம்பளையை நீலாவதி பார்த்ததே இல்லை.

போன மாதம் நோய் மறுபடி தலைதூக்கியது. இன்று விடியலில் எல்லாம் முடிந்தது.

வேலியோரம் சலசலப்பு கூடியது. நாழியாகுது அண்ணி, நகருங்க என்றான் குழந்தைவேலு. அவள் பெஞ்சை விட்டு அசையவில்லை. அப்போது படகின் இன்ஜின் டிரைவர் சிவஞானம், படகுக்குப் போர்த்தும் தார்ப்பாயைத் தோளில் சுமந்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வங்காளியும் ராஞ்சிக்காரர்களுமாகப் படகு ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மூலையைக் கையில் கொடுத்தான்.

"முஹ் பாஹர் கரோ. யாரும் திரும்பக் கூடாது."

நாலு பேரும் பெஞ்சைச் சுற்றித் தார்ப்பாயை உயர்த்திப் பிடித்து, முகத்தை வெளியே திருப்பி, முதுகைக் காட்டி நின்றார்கள். குழந்தைவேலு என்னவோ கேட்க வாயெடுத்து, பிறகு அவனும் தள்ளிப் போய் நின்றான்.

நீலாவதி சிவஞானத்தின் முதுகைப் பார்த்தாள். ஒரே படகில் இத்தனை வருஷம். மழையில் அந்தச் சட்டை எத்தனை தரம் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். இவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நிதானமா பண்ணுங்க அண்ணி," என்றான் அவன் திரும்பாமலே. "இன்னிக்குப் படகு லேட்டுன்னு ஜெட்டில சொல்லிட்டேன்."

பரமசிவம் இருந்தவரை அந்தப் படகு நேரம் தவறியதில்லை.

அவள் பொத்தான்களைக் கழற்றினாள். நல்ல வெளிச்சத்தில் அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தண்ணீரை மொண்டு, உள்ளங்கையில் சூடு பார்த்து, மார்பில் மெல்ல ஊற்றினாள். துடைத்து, வேட்டி கட்டி, சலவைக் காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டாள். கழுத்துப் பொத்தான் கஞ்சி போட்ட துணியில் நுழைய அடம்பிடித்தது. அதையும் பூட்டினாள்.

"ஆச்சு தம்பி."

தார்ப்பாய் இறங்கியது. நாலு பேரும் இன்னும் திரும்பாமல்தான் நின்றார்கள்.