சிம் அண்ணன் பேரில்

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் முத்துலட்சுமியின் போன் தொலைந்துபோனது. பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியவள், ராட்டினத்துக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் விஜயபாண்டி தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

"போகுது விடு. வேற போன் வாங்கிக்கலாம்."

"போன் கெடக்கு. நம்பரு?"

அவன் முகமும் மாறிவிட்டது. தத்தெடுக்கப் பதிந்துவிட்டு வருசக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். முறை வரும்போது குழந்தையின் விவரம் அந்த நம்பருக்குத்தான் மெசேஜாக வரும். இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை வேறு வீட்டுக்குப் போய்விடும். இணையத்தில் போய்ப் பார்க்கலாம் என்றாலும் அதற்கான ஓடிபி அதே நம்பருக்குத்தான் வரும்.

மறுநாள் போலீசில் புகார் கொடுத்த ரசீதோடு, கோம்பையிலிருந்து தேனிக்குக் கிளம்பினார்கள். செல்போன் கம்பெனிக் கடையில் சிம்ரன் என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இந்த சிம் உங்க பேர்ல இல்லையே. சுருளிராஜன்னு இருக்கு. அவுக வந்து கைரேகை வச்சாத்தான் புது சிம் தர முடியும்."

சுருளிராஜன் அவளுடைய அண்ணன். கல்யாணத்துக்கு முன்னால், திருப்பூர் வேலைக்கு அவள் போனபோது அவன் வாங்கிக் கொடுத்த சிம் அது. இப்போது வருசநாட்டில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறான். தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை.

தத்தெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், "யாரோ பெத்தது எதுக்கு? என் கடைசிப் பயல வளத்துக்க," என்று அவன் சொன்னான். அவள் மறுத்தாள். "அவனப் பெத்தவ கண்ணு முன்னால இருக்கைல, அவன் எப்படிண்ணே என்னைய அம்மான்னு நெனப்பான்?" என்றாள். என் பிள்ளை உனக்கு ஆகாதா என்று கோபித்துக்கொண்டு போனவன்தான்.

கடை வாசலில் நின்று, கணவனின் போனை வாங்கி அவளே அண்ணனைக் கூப்பிட்டாள். விசயத்தைச் சொன்னாள்.

"ஆதார் கார்டு கொண்டாரணுமா?" என்று மட்டும் கேட்டான்.

மதியத்துக்கு மேல் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினில் விரலை வைத்தான். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். வேறு விரலை வைத்தான். எதுவும் விழவில்லை. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வழுவழுவென்று இருந்தது.

"ரெண்டு நாள் கொட்டையத் தொடாம இருந்துட்டு வாங்கண்ணே," என்றாள் சிம்ரன்.

"சீசன் நேரம் தாயி. தொடாம எப்படி இருக்க?" என்று எழுந்தவன், வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லித் தங்கை கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் பஸ் ஏறிவிட்டான். முத்துலட்சுமி அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் விஜயபாண்டியின் போன் அடித்தது.

"மாப்ள, நான் கடை வாசல்லதான் நிக்கிறேன். இன்னும் தெறக்கல. அவளக் கூட்டிட்டு வாங்க."

அவர்கள் போனபோது அவன் உள்ளங்கையெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது.

"ரெண்டு நாளா தோப்புப் பக்கமே போகல. ஒங்க மதினிதான் சுடுதண்ணியில கைய வைக்கச் சொல்லி, எண்ணெயத் தேச்சு விட்டா," என்று தங்கையைப் பார்க்காமலே சொன்னான். பிறகு, "அந்த மெசேஜ் எப்பத்தா வரும்?" என்று கேட்டான்.

"தெரியலண்ணே. இன்னைக்கும் வரலாம், அடுத்த வருசமும் வரலாம். இந்நேரம் வந்து போயிருந்தாலும் போயிருக்கும்."

"அடிப் பாவி! இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இங்கனயே கெடந்திருப்பேனே."

சிம்ரன் எண்ணெயைத் துடைத்துவிட்டு அவன் விரலை மெதுவாக மெஷினில் அழுத்தினாள். முதல் விரலுக்கு மெஷின் மசியவில்லை. இடது கைப் பெருவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. கடைக்காரப் பெண் என்றும் பார்க்காமல் முத்துலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் புது சிம்ல இன்னைக்கே பேசலாம்க்கா. மெசேஜ் மட்டும் ஒரு நாள் கழிச்சுத்தான் வரும்."

"அப்படியே இந்த நம்பர இவ பேருக்கு மாத்துறதுக்கும் வழியச் சொல்லு தாயி. எனக்கு நாளைக்கு ஒண்ணுன்னா இவ யாரைத் தேடுவா?" என்றான் சுருளிராஜன்.

அன்று அவன் கோம்பைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மறுநாள் ஓடிபி வந்தது. தத்தெடுப்பு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எந்தக் குழந்தையும் வந்து போயிருக்கவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஆடி மாதக் காற்று பேயாக அடித்த ஒரு முற்பகலில், தையல் மெஷினில் இருந்தபோது அந்த மெசேஜ் வந்தது. பெண் குழந்தை. விழுப்புரம் பக்கம் ஒரு இல்லத்தில் இருந்தாள். படத்தில் தலைமுடி சிலிர்த்துக்கொண்டு, யாரையோ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்த விஜயபாண்டி, விசயம் கேட்டு ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு அழுதான். இருவரும் அப்போதே சம்மதம் சொன்னார்கள்.

அடுத்து அவள் அண்ணனுக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"பாத்தேன், பாத்தேன். இவ்வளவு நேரம் ஒங்க மதினிதான் போன வச்சுப் பாத்துக்கிட்டிருந்தா, தரவே மாட்டேன்னுட்டா," என்றான். "ஏத்தா, பாக்கப் போகைல நீங்க ரெண்டு பேரு மட்டும்தானா? இல்ல, மாமன்காரனும் வரலாமா?"

"வராம? நீ வந்தாத்தாண்ணே ஜீப்பே கெளம்பும்," என்றாள் முத்துலட்சுமி.