திங்கட்கிழமை வரைக்கும்

அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டே அவன் மறுபடியும் சொன்னான்.

"இன்னும் ரெண்டு நாள்தான்மா. திங்கக்கிழமை வரைக்கும் இரும்மா."

சனிக்கிழமை காலை. டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். வாசல்படியில் நின்றிருந்த டிரைவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இருபத்தெட்டு வயதில் சொந்த வீடு வாங்கியவர். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் அதைச் சொல்லாமல் அவர் எழுந்து போனதில்லை.

"நான் ஒத்தச் சம்பளத்துல வாங்கினேன். நீங்க ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க. மனசு வைக்கலடா, அவ்வளவுதான்" என்பார்.

மனசு வைக்காமல் என்ன? அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான குடியிருப்புகளில் எல்லாம் ஏறி இறங்குகிறவன். பதினொரு வருஷமாக அவனும் மனைவியும் சினிமாகூடப் பார்க்காமல் சேர்த்தார்கள். முன்பணம் சேர்ந்துவிட்டது என்று போய் நிற்கும்போதெல்லாம் விலை இவர்களை முந்திக்கொண்டு போயிருந்தது. அவனுக்காகப் பேசுகிறவள் அம்மா ஒருத்திதான். பள்ளிச் சீருடை தைத்தே அவனை ஆளாக்கியவள்.

"அவன்மேல என்னடா தப்பு? அன்னைக்கு நீ சட்டை தைச்சுக்கிட்ட காசுல இன்னைக்குப் பாக்கெட்தான் தைக்கலாம்" என்று தம்பியின் வாயை அடைப்பாள்.

மகனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வாடகை வீட்டின் ஒப்பந்தம் அவள் பேரில் இருந்தது. முப்பத்தோரு வருஷத்துப் பழைய வாடகை. அவள் உயிரோடு இருக்கும்போதே வீட்டு வசதி வாரிய அலுவலகத்து ஆள் முன்னால் கையெழுத்துப் போட்டு மகன் பேருக்கு மாற்றினால் அதே வாடகை தொடரும். அவள் போய்விட்டால் ஒப்பந்தமும் அவளோடு போய்விடும். புது வாடகை என்றால் அவன் சம்பளம் முழுவதும் அதற்கே சரியாகிவிடும்.

"ஒரு எட்டு போய் மாத்திட்டு வந்துடலாம்டா" என்று வருஷா வருஷம் கேட்டாள்.

"எதுக்கும்மா? அடுத்த வருஷம் நம்ம சொந்த வீட்டுக்கே போயிடுவோம்" என்று வருஷா வருஷம் சொன்னான். பேரை மாற்றினால் சொந்த வீட்டு ஆசையைத் தானே கைகழுவியது போல ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்ன கையோடு அலுவலகத்துக்கு ஓடினான். கதவைப் பூட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அம்மா கண் திறந்தாள். மனைவி ஸ்பூனால் தண்ணீர் புகட்டினாள்.

"எப்ப வர்றாங்க?"

"யாரும்மா?"

"ஆபீஸ்காரங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். ஆபீஸ் ஆள் வரப்போவதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"திங்கக்கிழமை காலையில, அத்தை" என்றாள் மனைவி.

"பேனா பிடிக்க வருதான்னு பாக்கணும்." அம்மா வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஊசி பிடிப்பது போலச் சேர்த்தாள். அவை சேர்ந்து நிற்கவில்லை.

"இருக்கேன்டா" என்றாள். கடைக்குப் போகிறவனிடம், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது போல அதைச் சொன்னாள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. முதலில் அவனுக்கு அழுகை வரவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது. அது அம்மாமேல் வந்த கோபம் என்று புரிந்த பிறகு அழுதான். அழுகையை அவனால் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். மாமா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா இவன் கெஞ்சினதைக் காதால கேக்க முடியல. திங்கக்கிழமை வரைக்கும் இரும்மா, இரும்மான்னு. பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்."

"இல்ல மாமா..." என்று ஆரம்பித்தான். மாமா விடவில்லை. அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"நான்தான் வீடு, வீடுன்னு என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதடா."

எதிர்வீட்டு அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "திங்கக்கிழமை என்ன?"

மாமாவின் சட்டைக்குள் முகம் புதைந்திருந்த அவனுக்கு மூச்சு முட்டியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"அத்தைக்குப் பிறந்த நாள்" என்றாள் அவன் மனைவி.

அம்மா பிறந்த நாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மாமா அதை ஒரு வருஷமும் மறந்ததில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது.

"ஆமா" என்றார் மாமா. "நாளைக்குத்தான்."

கை மறுபடியும் தடவ ஆரம்பித்தது.