சாயங்காலக் கப்பலுக்கு முன் ஒரு பவர் பத்திரம்

தங்கை கப்பலில் இன்ஜினியர். சாயங்காலம் கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவளும் அக்காவும் சேர்ந்து வாங்கும் வீட்டுக்குக் கிரயமோ மறுநாள்தான். அவளுக்காக அக்கா கையெழுத்துப் போட வேண்டுமானால் இன்றே பவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு, தங்கை அக்காவோடும் அத்தானோடும் நோட்டரியின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள்.

நோட்டரி அம்மா அடையாள அட்டையையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சாட்சி ரெண்டு பேர் எங்கே?"

"நான் ஒருத்தன்," என்று அத்தான் பேனாவைத் திறந்தார்.

"பவர் வாங்குறவங்க வீட்டுக்காரர் நீங்க. சம்பந்தமில்லாத ஆளா வேணும். அட்டையும் வேணும்."

அத்தான் பேனாவை மூடினார். தங்கை தெருவுக்கு ஓடினாள். டாக்சிக்காரர் உடனே இறங்கி வந்தார். பக்கத்து சலூன்காரரிடம் அட்டை இல்லை. அவரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரிடம் இருந்தது. பாதி மழித்த முகமும் கழுத்தில் துண்டுமாக அவர் எழுந்து வந்தார். "மீதித் தாடி எங்கயும் ஓடிடாது, வாங்க."

நோட்டரி அம்மா அக்காவையும் அத்தானையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

"நான்தாங்க அக்காவைக் கட்டாயப்படுத்துறேன்."

அவர் சிரித்துவிட்டு ஒரு வரியில் விரல் வைத்தார். "இதுல வாங்க மட்டுமில்ல, விக்கவும் அதிகாரம் இருக்கு. தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?"

தங்கை அந்த வரியை மறுபடி படித்தாள். அவசரத்தில் யாரிடமோ வாங்கிய மாதிரிப் பத்திரம் அது. எடுக்கச் சொன்னால் அக்கா என்ன நினைப்பாள்? இருக்கட்டும் என்று விடவும் மனசு வரவில்லை. கதவைத் திறந்து நேராகவே கேட்டாள்.

"விக்கிறதா? அதை மொதல்ல அடிக்கச் சொல்லுடி," என்றாள் அக்கா. "வித்துட்டு வியாபாரம் பண்ணலாம்னு உங்க அத்தான் வந்து நின்னா, எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வரி போனது. சாட்சிகள் பார்த்திருக்கத் தங்கை கையெழுத்திட்டாள், அவர்களும் இட்டார்கள். முத்திரை விழுந்த சத்தம் அவள் நெஞ்சுக்குள் கேட்டது. டாக்சி பறந்தது. கப்பலின் ஏணியைத் தூக்குவதற்குள் ஏறிவிட்டாள்.

மறுநாள் எண்ணெய்க் கையோடு மேல்தளத்துக்கு வந்தபோது கப்பலின் வைஃபையில் போன் அடித்தது.

"முடிஞ்சுதுடி. உனக்கும் சேத்து நானே போட்டேன். உள்ளதான் நிக்கிறேன். காலி வீடு, ஒரு தடவ பேசினா ரெண்டு தடவ கேக்குது."

பின்னால் அத்தான் எந்த அறை யாருக்கு என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய ஜன்னல் இருக்கிற ரூம் எனக்கு," என்று தங்கை காற்றை மீறிக் கத்தினாள். "இப்பவே சொல்லிட்டேன்."