நாற்பதாவது குழந்தை

1

இந்தக் கதை என் அக்காவின் வயிற்றெரிச்சலிலிருந்து எனக்குக் கிடைத்தது. பிரசவ அறைச் செவிலியர்களுக்குக் கொடுத்த புதுப் பயிற்சி பலிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு ஒன்றில் அவள் செவிலியர். பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு எத்தனை விநாடியில் காற்றுக் கொடுக்கிறார்கள் என்று, பதிவான படத்தைப் பார்த்துக் குறிப்பது அவள் வேலை. ஒரு நிமிடம் தாண்டக் கூடாது. கேமரா குழந்தையைக் கிடத்தும் மேசைக்கு நேர் மேலே இருப்பதால் கைகள் மட்டும்தான் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "அந்த அறையில் மௌனம் பனியைப் போல..."

(அடித்துவிட்டேன். குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கிறது, எனக்கு உவமை கேட்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: இரண்டு கைகள் துண்டால் குழந்தையின் முதுகைத் தேய்க்கின்றன. மறைகின்றன. திரும்பி வந்து மறுபடி தேய்க்கின்றன. முகமூடி வைத்த காற்றுப் பை நான்கடி தள்ளி, கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு.* சாவி மேற்பார்வையாளரிடம். அவர் மூன்றாவது மாடியில், கூட்டத்தில்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கே எட்டவில்லை. சாவி வந்து, முதல் காற்றுப் போக இருநூற்றுப் பன்னிரண்டு விநாடி. படிவத்தில் "உபகரணம் இருந்ததா?" என்ற கேள்விக்கு நேரே "ஆம்" என்று எழுதியிருந்தது.

கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்கிறீர்களா? அக்காவும் அந்தக் கைகளுக்குரிய பெண்ணிடம் கேட்டாளாம். "தோணவே இல்லக்கா. சாவி வந்துடும், வந்துடும்னே தேச்சிட்டிருந்தேன்" என்றாளாம்.

* போன வருடம் ஒரு பை காணாமல் போனது. திருடனைப் பிடிக்கத் துப்பில்லாதவர்கள் குழந்தையின் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

3

ஆய்வின் தலைமை டாக்டரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இந்த ஆய்வுக்காகப் பத்து வருடம் படியேறி இறங்கிய மனிதர்.

"இந்த ஒண்ணைக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம்மா. இது பூட்டோட பிரச்சினை, நம்ம பயிற்சியோட பிரச்சினை இல்ல."

"மூச்சு நின்னது குழந்தைக்கு சார், பூட்டுக்கு இல்ல" என்றாள் அக்கா.

"முப்பத்தொம்பது குழந்தைக்கு சராசரி அம்பத்தெட்டு விநாடி. இதையும் சேர்த்தா அறுபத்திரண்டு. பயிற்சி பலிக்கலைன்னு நிறுத்திடுவாங்க. அடுத்த குழந்தைக்கு யாரும்மா பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. நாற்பதாவதை நீக்கும் படிவத்தில், நேரம் குறித்தவளின் கையெழுத்து வேண்டும்.

4

நான் எழுதிய முடிவில் குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள்.

"ஏன்டா அதை அழ வெச்ச?"

"படிக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல் வேணும்லக்கா."

"அது அழலடா. மூணாம் நாள் செத்துப்போச்சு. அவர் படிவம் போட்டு எடுக்கப் பாக்குறாரு, நீ ஒரே வரியில எடுத்துட்ட. உனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

அதுவரை பூட்டின் மேலும் டாக்டர் மேலும் இருந்த கோபம் என் மேலேயே திரும்பியது.

5

வேறு முடிவுகள்.

அக்கா கையெழுத்துப் போடுகிறாள். பயிற்சி ஊரெல்லாம் பரவுகிறது, கூடவே பூட்டும்...

அக்கா படிவத்தைக் கிழிக்கிறாள். பயிற்சி நின்றுபோகிறது. அடுத்த குழந்தை...

(இரண்டையும் முடிக்க மனம் வரவில்லை.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம். படிவம் மேசைமேல் கிடக்கிறது. இன்று மதியம் அக்கா அலமாரியைப் போய்ப் பார்த்தாள். இன்னும் பூட்டித்தான் இருக்கிறதாம்.

நான் முடிக்க மாட்டேன். ஒருமுறை அந்தக் குழந்தையை அழித்தவன் நான். நீங்கள் நிரப்புங்கள்.

குழந்தை எண்: 40
முதல் காற்று: 212 விநாடி
கணக்கிலிருந்து நீக்கச் சம்மதம்: ஆம் / இல்லை
கையொப்பம்: ....................

யோசித்துப் போடுங்கள். முதல் வரியிலிருந்து இங்கே வர உங்களுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அந்தக் கைகள் முதுகைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தன.