ஒரு கூடை நண்டு

பல்கலைக்கழகப் பொது ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்ததுமே நாற்றம் சத்யாவின் முகத்தில் அறைந்தது. மழைக்கு முன்னும் பின்னும் மணமேல்குடிக் கடற்கரையில் பிடித்து, டீப் ஃப்ரீசரில் அவள் பாதுகாத்து வைத்திருந்த நண்டுகள் தட்டுகளோடு மேசைமேல் கிடந்தன. கறுத்த நீர் வழிந்து தரையில் தேங்கியிருந்தது. சனி, ஞாயிறு விடுமுறையில் எல்லாம் அழுகிவிட்டன.

ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே சோதனைக்கு வந்த இறால் கம்பெனியின் பெட்டிகள். அவற்றின்மேல் பாலித்தீனில் சுற்றிய முழு வஞ்சிரம் ஒன்று. பேராசிரியர் வசந்தகுமார் வீட்டுக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது.

நண்டின் சதையில் எவ்வளவு ஈயம் சேர்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அதை அளக்கும் கருவி அரசுப் பணத்தில் வாங்கியது. கட்டணம் கட்டினால் வெளியாரும் உபயோகிக்கலாம். அப்படிக் கட்டியவர்கள் மெல்ல மெல்ல வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். சத்யாவின் முறை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கரண்ட் போய்விட்டதென்று சொல்லிக்கொள்ளலாம், கம்பெனியைப் பகைக்க முடியாது என்றார். கூடவே வந்த கம்பெனி மேனேஜர் அரவிந்த்குமார், இடம் பத்தாமல் தன் ஆட்கள்தான் எடுத்து வைத்தார்கள் என்பதை மறைக்கக்கூட இல்லை.

“நண்டுதானம்மா? மீமிசல்ல சொல்லி நாளைக்கே ஒரு கூடை எறக்கிருவோம். இதவிடப் பெருசாவே இருக்கும்.”

மறுநாள் கூடை வந்துவிட்டது. கொடுக்குகளில் ரப்பர் பேண்ட் மாட்டிய உயிர் நண்டுகள். பழைய தேதியையே எழுதி ஒட்டிவிடு, ஆய்வைப் பரிசீலிக்கும் கமிட்டிக்காரர்கள் நண்டிடமா விசாரிக்கப் போகிறார்கள் என்று பேராசிரியர் சிரித்தார். உதவித்தொகை ஜூனோடு முடிவதையும் நினைவுபடுத்தினார்.

அவள் எழுதத்தான் செய்தாள். முதல் தட்டில் போன நவம்பர் தேதி ஒன்று. மார்க்கரை மூடும்போது விரல்களிலிருந்து அந்த அழுகல் வாடை வந்தது. எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத வாடை. ஸ்பிரிட்டை ஊற்றித் தேதியை அழித்துவிட்டு அவர் அறைக்குப் போனாள்.

“இந்த நண்டு வேணாம் சார். அடுத்த மழைக்கு மறுபடி மணமேல்குடி போறேன்.”

“ஸ்டைபண்ட் இருக்காதும்மா. எதை வச்சுப் போவ?”

“அது என் பாடு சார். நடந்தது என்னவோ அதைத்தான் கமிட்டியில சொல்லுவேன்.”

பேராசிரியர் முகம் சுருங்கியது. வாசல் பக்கம் திரும்பி அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

“அய்யப்பா, இந்தப் பாப்பாவுக்கு நண்டு வேணாமாம். கூடைய நம்ம கார் டிக்கியில வையி. மேல கொஞ்சம் ஐஸ் போட்டுரு.”