அப்பாவுக்கு நான்கெல்லை

தேரிவிளை தாலுகாவில் செத்துப்போனவர்களையும் நிலத்தைப் போலவே அளந்து, எண் போட்டு, பட்டா கொடுத்து வைத்திருக்கிறார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்கள்தான் அந்த முன்னோரை நினைக்கலாம், படம் மாட்டலாம், விசேஷ வீடுகளில் அவர் பேச்சை எடுக்கலாம். பட்டா இல்லாமல் நினைத்தால் அது ஆக்கிரமிப்பு, நோட்டீஸ் வரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற ஊர்களில் ஒரே தாத்தாவை ஆளாளுக்கு நினைத்து, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி, கடைசியில் அந்த மனுஷன் யாரென்றே தெரியாமல் போகிறதைப் பார்க்கத்தானே செய்கிறோம். தேரிவிளையில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

சுயம்புலிங்கத்துக்கு நோட்டீஸ் பங்குனியில் வந்தது. பம்பாயில் ஊர்க்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வயசெல்லாம் பொட்டலம் கட்டிவிட்டு, கண் மங்கியதும் ஊர் திரும்பி ஒரு வாடகை அறையில் இருந்தார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அம்மா அவரைப் பெற்றதோடு போய்விட்டாள். அப்பா சிவனணைஞ்சபெருமாள் உப்பளத்துக் காவல்காரர், அவரும் போய் வருஷக்கணக்காகிறது. மேற்படி சிவனணைஞ்சபெருமாள் எவர் பேரிலும் பட்டா ஆகாமல் கிடப்பதால், வருகிற ஜமாபந்திக்குள் உரிமை கோராவிட்டால் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டு, அப்பா இல்லாதவர்களுக்கு ஒதுக்கப்படுவார் என்று நோட்டீஸ் சொன்னது. அதுவரை அவரை நினைப்பதைத் தவிர்க்கவும் என்று அடியில் ஒரு வரி.

படித்ததுமே அவருக்கு அப்பா நினைப்புத்தான் வந்தது. பாவம், என்ன செய்வார்? நினைக்க என்று உலகத்தில் அவருக்கு இருந்ததே அந்த ஒரு ஆள்தான். அவரையும் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டால் சாயங்காலங்களில் என்ன செய்வதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மறுநாளே கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். அலுவலர் சந்தனமாரி முப்பது வயசுக்காரி, வாய்த்துடுக்கு உண்டு. அவர் பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சுயம்புன்னு பேர வச்சிக்கிட்டு அப்பாவக் கேட்டு வந்திருக்கீயளே, அண்ணாச்சி!"

சிரித்தாள். அவரும் சிரித்தார். அவரை யாரும் கேலி பேசியே ரொம்பக் காலமாகியிருந்ததால் அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது.

இரண்டு பேருமாகப் பழைய கட்டுகளைப் பிரித்தார்கள். தூசி தும்மலைக் கிளப்பியது. அப்பாவுக்கு மேலே தாத்தா இருந்தார். ஆனால் அவர் எப்போதோ உட்பிரிவாகி, சிரிப்பு ஒரு வீட்டுக்கும் நடை ஒரு வீட்டுக்கும் கோபம் மூன்று வீட்டுக்குப் பொதுவாகவும் போய்விட்டது. பாகம் பிரித்த அன்றைக்கு சிவனணைஞ்சபெருமாள் உப்பளத்தில் காவலுக்கு நின்றதால் அவர் கிளைக்கு ஒன்றும் எழுதவில்லை. அதற்கு மேலே இருந்தவர்கள் ஏற்கெனவே ரோட்டுக்கு எடுக்கப்பட்டிருந்தார்கள். ஆக, மிச்சம் அப்பா ஒருத்தர்தான்.

"உங்க அப்பாவக் கேட்டு ஒரு மனு வந்திருக்கு பாத்துக்கிடுங்க" என்று வெளியே பெஞ்சைக் காட்டினாள் சந்தனமாரி.

பெஞ்சில் ஜவுளிக்கடை ஞானதிரவியம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நல்ல சீமான், தங்கச் சங்கிலி எல்லாம் போட்டிருந்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"கூடப்பொறந்தது ஏழு பேரு. அப்பாவப் பங்கு வச்சதில எனக்கு முழங்கால்தான் விழுந்துது. முழங்கால வச்சிக்கிட்டு என்னத்த நினைக்க, சொல்லுங்க. அதான் முழுசா ஒருத்தருக்கு எழுதிப் போட்டேன். உங்க அப்பா எப்படி? சத்தம் போடுவாரோ?"

"பேசவே மாட்டாரு."

"அப்பம் நல்லதாப் போச்சு" என்று ஞானதிரவியம் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

சுயம்புலிங்கத்துக்கு அந்தச் சங்கிலியைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கடலையை நீட்டுகிற மனுஷனை என்ன செய்ய முடியும்? இரண்டு எடுத்துக்கொண்டார். வறுத்த பக்குவம் நன்றாகவே இருந்தது.

உள்ளே சந்தனமாரி அவருக்கு வழி தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவை இத்தனை வருஷமாக விடாமல் நினைத்து வந்திருந்தால் அனுபவ பாத்தியம் கோரலாம், ஒரு சாட்சி இருந்தால் போதும் என்றாள்.

"நீங்க நினைச்சத பக்கத்துல இருந்து பாத்த ஆளு யாராவது உண்டா?"

அவர் யோசித்தார். கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்து நினைத்திருக்கிறார், ரயிலில் கக்கூஸ் வாசலில் நின்று நினைத்திருக்கிறார், வாடகை அறையில் சுவரைப் பார்த்து நினைத்திருக்கிறார். பக்கத்தில் ஆள் என்று யாரும் இருந்ததில்லை.

"ஒருத்தரும் இல்ல, தாயி" என்றார். சொல்லிவிட்டு மேஜைத் தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்க்காதது போல ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சரி விடுங்க. நான்கெல்லை சொல்லுங்க. எல்லை சரியா இருந்தா சாட்சி வேண்டாம். உங்க அப்பாவுக்கு கிழக்கே என்ன, மேற்கே என்ன, வடக்கே தெக்கே என்ன?"

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உப்பைக் குவித்து வைக்கும் கிட்டங்கியில் காவல்காரருக்கென்று ஒரு மூலை. அதில்தான் இரண்டு பேரும் படுத்துக்கொள்வது.

"கிழக்கே உப்புக் குவியல். வடக்கே சுவரு. தெக்கே கதவு. மேற்கே நான்."

சந்தனமாரி எழுதிக்கொண்டாள். கடைசி எல்லையை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் வாசித்தாள்.

ஸ்தலத்தில் சரிபார்க்க சர்வேயர் தொம்மை அளவுச் சங்கிலியோடு வந்தார். அவசரக்காரர், வெயிலைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஞானதிரவியமும் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், தனக்கு வரப்போகிற சொத்தைப் பார்க்க ஆசை இருக்காதா. கிட்டங்கி இருந்த இடம் பொட்டல் வெளியாகக் கிடந்தது. கிழக்கே உப்பில்லை, எந்தக் காலத்திலோ லாரி ஏறி, சமையலாகி, தின்று தீர்ந்திருந்தது. வடக்கே சுவரை யாரோ கல்கல்லாகப் பெயர்த்துப் போயிருந்தார்கள். தெற்கே கதவு இப்போது வேறொரு ஊரில் வேறொரு வீட்டுக்குக் கதவாக இருந்தது.

"மேற்கே?" என்றார் தொம்மை.

சுயம்புலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, சின்ன வயசில் படுப்பது போலவே, ஒருக்களித்து, கிழக்கே பார்த்துப் படுத்தார். மண் சுட்டது. பக்கத்து வெற்றிடத்தில் அப்பா படுத்திருந்த நீளம் அவருக்குத் தெரிந்தது. தொம்மை குனிந்து அவரை அங்கங்கே தொட்டுப் பார்த்து, மேற்கு எல்லை ஸ்திரமாக இருக்கிறது என்று குறித்தார்.

மத்தியானம் சந்தனமாரி அங்கேயே வந்து, படுத்த இடத்தில் எழுந்து உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கத்திடம் முடிவைச் சொன்னாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணாச்சி, ரெண்டு எல்லையாவது இருந்தா பட்டா போட்டிருப்பேன். எல்லையே இல்லன்னா புறம்போக்கு, இவருக்குக் குடுத்திருப்பேன். இது ரெண்டும் இல்ல. மூணு பக்கம் ஒண்ணுமில்லாம மேற்க மட்டும் எல்லை நின்னா, நம்ம தாலுகாவுல அதுக்குப் பேரு கடலு."

"எங்கப்பா கடலா?"

"ஆமா. கடலுன்னு எழுதியாச்சு. கடல யாருக்கும் ஒதுக்க முடியாது, பங்கு வைக்க முடியாது. உங்க பேருக்கும் வராது."

ஞானதிரவியம் குடையை மடக்கினார். அவருக்கு மனசு விட்டுப்போனது முகத்தில் தெரிந்தது. சுயம்புலிங்கம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"பாக்கலாமா, தாயி?"

"கடலப் பாக்கதுக்கு யாருக்குப் பட்டா வேணும்? எவ்வளவு வேணாலும் பாருங்க."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனபோது தொம்மை சத்தம் போட்டார்.

"என்னவே, எங்க கிளம்புதீரு? அளந்து குறிச்ச எல்லை நகரக் கூடாதுல்லா. நகர்ந்தா கேஸாயிரும், பாத்துக்கிடும்."

நியாயம்தானே. அவருடைய டிரங்குப் பெட்டியையும் பாயையும் ஒரு ஆட்டோவில் அங்கேயே கொண்டுவந்து போட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்ததில் யாருக்கும் வருத்தமில்லை.

விடிந்தபோது கிழக்கே தண்ணீர் வந்திருந்தது. வகைப்படுத்திய பிறகு வராமல் இருக்குமா? அலை சுயம்புலிங்கத்தின் பாய் ஓரம்வரை வந்து, நனைக்காமல் திரும்பியது. அதிகம் சத்தம் போடாத கடல். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெயில் ஏறுமுன் நாலைந்து பேர் வள்ளத்தைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, காலக் கொஞ்சம் மடக்குங்க. வள்ளம் இறக்கணும்."

அவர் மடக்கிக்கொண்டார். வள்ளம் அவரை ஒட்டி உரசிக்கொண்டு இறங்கியது.

"எங்கப்பாவுல எவ்வளவு தூரம் போவீய?" என்று கேட்டார்.

"உங்க தலை மறையுறவரைக்கும் போவோம்" என்றான் துடுப்புக்காரன். "திரும்பையில உங்களத்தான் தேடணும். அம்புட்டு தூரத்துல கண்ணுக்கு எட்ட மாட்டீயளே. மேலிடத்துக்கு எழுதிப் போடணும்."

எழுதிப் போட்டதற்குப் பலன் மறுவாரமே கிடைத்தது. கலங்கரை விளக்கத் துறையிலிருந்து ஒருவர் ஏணியும் இரண்டு வாளி பெயிண்டுமாக வந்து, வணக்கம் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொன்னார். சுயம்புலிங்கம் கழற்றி மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். வந்தவர் கணுக்காலில் தொடங்கி, வெள்ளை ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை என்று நிதானமாக அடித்துக்கொண்டு கழுத்துவரை வந்தார்.

"ரெண்டாம் பூச்சுக்கு நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் எதுலயும் சாஞ்சிராதீங்க."

சாய அங்கே எதுவும் இல்லை. அவர் கிழக்கே பார்த்து நின்றார்.