மகத்தான படம்

கலையைப் பற்றி உண்மையைப் பேசத் துணிந்தவன் எந்த இழப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். ஜெபதுரை இதைச் சொன்னது ராஜபாளையத்துத் தியேட்டர் ஒன்றில், இடைவேளையின்போது, கழிப்பறை வரிசையில் தனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம். அவர் திரும்பிப் பார்த்து, "அவசரம்னா நீங்க முன்னால போங்க அண்ணாச்சி" என்று வழிவிட்டார்.

ஜெபதுரைக்கு ஐம்பத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். படம் பார்க்க மட்டும் பஸ் ஏறி ராஜபாளையம் வருவார். அவர் சேர்ந்திருந்த சபையில் சினிமா பாவம். உள்ளூரில் பாவம் செய்தால் யாராவது வணக்கம் சொல்லிவிடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை, மதியக் காட்சி. அலுவலகத்தில் மகள் கல்யாண விஷயம் என்று பெர்மிஷன் வாங்கியிருந்தார். வீட்டில், ராஜபாளையத்தில் உபவாச ஜெபம் என்று சொல்லியிருந்தார். முகத்தில் மாஸ்க். கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் அவர் மாஸ்க்கை விடாததை அலுவலகத்தில் உடம்பின் மேல் உள்ள அக்கறை என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண விஷயம் என்பது முழுப் பொய்யும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்திலிருந்து மகள் செலினாவைப் பேசி முடிக்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஸ்டெபின் அவளோடு கல்லூரியில் படித்தவன். இருவருக்கும் பிடித்துப்போய் மூன்று வருஷமாகிறது. இடையில் நின்றவர் பையனின் தகப்பனார் எபனேசர். சிமெண்ட் ஆலையில் வேலை. வீட்டில் டிவி கிடையாது. சினிமாவுக்குப் போகிற குடும்பத்தில் பெண் எடுப்பதில்லை என்று ஜெபத்தில் உட்கார்ந்து தீர்மானித்தவர். 'எங்கப்பா படமே பாக்க மாட்டாங்க' என்று ஸ்டெபின் மூலமாகச் சொல்லிச் சொல்லித்தான் செலினா எபனேசரை இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பாண்டிதுரை மைக்கோடு நின்றான். உள்ளூர் யூடியூப் சேனல். வருகிறவர்களை மறித்து, படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவன் "வெறித்தனம்" என்றான். இன்னொருவன் "வேற லெவல்" என்றான். ஜெபதுரை அவர்களைக் கடந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார். பிறகு திரும்பி வந்தார்.

"சார், மாஸ்க்க எடுத்துருங்க. சவுண்டு அமுங்குது."

எடுத்தார். நான்கு நிமிடம் பேசினார். இப்போது வருகிற படங்களில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. ஆபீஸ் நேரத்தில் அத்தனை பேரும் அரிவாளோடு தெருவில் நிற்கிறார்கள். கதாநாயகி மூன்று காட்சியில் சிரிக்கிறாள், நான்காவது காட்சியில் செத்துப்போகிறாள். கதாநாயகனுக்குக் கோபம் வருவதற்கு வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. சரி, முடிந்தது என்று செருப்பைத் தேடினால் இரண்டாம் பாகம் இருக்கிறது என்கிறார்கள். "இத மகத்தான படம்னு ஒருத்தன் சொன்னாம்னா, அவன் தலைய டாக்டர்ட்டதான் காட்டணும்" என்று முடித்தார். அந்தக் கடைசி வரியைப் பாட்டு ஓடும்போதே தயார் செய்து வைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போது அதை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் செலினா போனை அவர் முன்னால் வைத்தாள்.

"உபவாசத்துல பாப்கார்ன்லாம் உண்டாப்பா?"

வீடியோவில் வரிசையாக முகங்கள். வெறித்தனம், வேற லெவல். மூன்றாவது முகம் அவருடையது. மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்க, கையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு, "மகத்தான படம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த முகம் வந்துவிட்டது.

"வெட்டிப்புட்டானே" என்றார் ஜெபதுரை.

"அதுவா இப்ப முக்கியம்?"

"நேர்மாறா வெட்டிருக்காம்ட்டி. விவரம் தெரிஞ்சவுக பாத்தா என்ன நெனைப்பாக?"

அடுப்படியிலிருந்து மனைவி ஏசம்மாள் சொன்னாள்: "நாள் பூரா உபவாசம் இருந்த மனுசன் ஒத்தத் தோசையோட எந்திரிக்கும்போதே நெனச்சேன்."

செலினா அவரையே சேனலுக்குப் போன் போட வைத்து, ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"எடுத்துருதேன் சார்" என்றான் பாண்டிதுரை. "ஆனா எட்டாயிரம் பேரு பாத்திருக்காங்க. பரவாயில்லையா?"

ஜெபதுரை போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அதுக்குப் பதிலா முழுசாப் போட முடியாதா தம்பி?"

செலினா போனை வாங்கினாள். "அண்ணே, எடுத்துருங்க."

பத்து நிமிடத்தில் வீடியோ போய்விட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலங்குளத்துக்காரர்கள் வந்தார்கள். எபனேசர், அவர் மனைவி, ஸ்டெபின். நீண்ட ஜெபம் ஒன்று நடந்தது. பால்கோவாவும் காப்பியும் வந்தன. தை மாதத்தில் இரண்டு தேதி பேசி, ஒன்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. செலினா கதவோரம் நின்று சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்போது எபனேசர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணே ஒண்ணு பிரதர். நேத்து காலைல குவார்ட்டர்ஸ்ல ஒருத்தரு போன்ல ஒரு வீடியோவக் காட்டுனாரு. அச்சு அசல் ஒங்கள மாதிரியே ஒரு ஆளு. சினிமாக் கொட்டகை வாசல்ல நின்னுக்கிட்டு மகத்தான படம்ங்கான்."

சுருட்டிய நுனி செலினாவின் கையிலேயே நின்றது.

"அது நான் இல்ல" என்றார் ஜெபதுரை. குரல் சரியாகத்தான் வந்தது.

"நானும் அதத்தான் சொன்னேன். அவிய எம்புட்டு விவரமான ஆளு, இது எவனோ கூறுகெட்டவம்னேன். மகத்தானவரு தேவன் ஒருத்தர்தான். ஒரு சினிமாவப் போயி அப்பிடிச் சொல்றவனுக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கும்?"

எபனேசரின் மனைவி சிரித்தார். ஏசம்மாளும், மூச்சு திரும்பி, கூடவே சிரித்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஜெபதுரையும் சிரிக்க முயன்றார். டம்ளரை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"அவரு அப்பிடிச் சொல்லல" என்றார்.

"எவரு?"

"அந்த ஆளு. அவரு சொன்னது வேற. வெட்டிப்புட்டாங்க."

"அது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்?"

"அப்பா, காப்பி ஆறுது" என்றாள் செலினா.

ஜெபதுரை விளக்கத் தொடங்கினார். அந்த ஆள் என்ன நினைத்தார், அதை எந்த இடத்தில் வெட்டினார்கள், வெட்டியதால் பொருள் எப்படித் தலைகீழானது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் நிமிடத்தில் 'அந்த ஆளு' என்று இருந்தது இரண்டாவது நிமிடத்தில் 'நான்' என்று ஆனதை அவரைத் தவிர எல்லோரும் கவனித்தார்கள். எபனேசர் மடியிலிருந்த பைபிளை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஜெபதுரை கிளைமாக்ஸுக்கு வந்திருந்தார். "அம்புட்டுப் பெரிய கன்டெய்னரு. அத ஒருத்தன் ஒத்தக் கையில சங்கிலியப் பிடிச்சு இழுக்காம்னா, பாக்கறவன் எல்லாம் முட்டாளா?" எழுந்து நின்று, கையை நீட்டி இழுத்துக் காட்டினார்.

வந்ததிலிருந்து வாய் திறக்காமல் இருந்த ஸ்டெபின், தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"அங்கிள், இந்தப் படத்துல கன்டெய்னர் வராது."

எபனேசர் மகனின் பக்கம் திரும்பினார். செலினா கண்களை மூடிக்கொண்டாள்.

ஜெபதுரை நீட்டிய கையோடு யோசித்துப் பார்த்தார். கன்டெய்னர் போன வெள்ளிக்கிழமை பார்த்த படத்தில் வந்தது.